அரசாணை எட்டாத இல்லங்கள்

(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் இடது கையின் மேற்பகுதியில் காசளவில் இரண்டு வட்டத் தழும்புகள் உள்ளன. இந்த அவையில் ஐம்பதைக் கடந்தவர்களுள் பெரும்பாலோரிடம் இவை இருக்கும். மாணவர்களாகிய உங்கள் கைகளில் இரா. உங்களுள் பலரிடம் சிறு தழும்பொன்று காணப்படலாம். அது காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். நான் குறிப்பிடுவது அம்மை குத்திய தழும்பு. நோய் ஒழிந்துவிட்டதால், அதைத் தடுக்கும் மருந்தும் உங்களுக்குத் தேவைப்படாமற் போயிற்று.

நான் மருத்துவன் அல்லன்; பொருளியல் பயின்று அரசுப் பணிக்கு வந்தவன். ஆகவே, இந்நோயின் வரலாற்றில் என்னை ஈர்ப்பது மருந்தைக்காட்டிலும் ஒரு கால இடைவெளியே. எட்வர்டு ஜென்னர் 1796 மே 14 அன்று, பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனின் கையிலேற்றித் தம் ஆய்வைத் தொடங்கினார். 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் அம்மைப்பால் வைக்கப்பட்டது. 1813இல், ராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியில், அது திருவிதாங்கூருக்கு வந்துவிட்டது. ஆயினும் இந்திய மண்ணில் இந்நோய் ஓய்ந்தது 1975 மே மாதத்தில்தான். மருந்து கையிலிருந்தும் 162 ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன?

நோயின் கொடுமையை இன்று எடுத்துரைப்பது கடினம். கடும் வகைப் பெரியம்மை பத்துப் பேரைத் தாக்கினால் இருவரையோ மூவரையோ கொண்டுபோகும். பிழைத்தவர்களிற் சிலர் கண்ணிழந்தனர்; பலர் முகம் முழுதும் வடுவுடன் வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 30 கோடிப் பேர் மாண்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. தெற்குத் திருவிதாங்கூரில் பிறந்த என் பாட்டியார் முகத்திலும் அவ்வடுக்கள் இருந்தன. அவர் நோயின் பெயரைச் சொல்லமாட்டார். ‘முத்து போட்டது’ என்பார். அப்பகுதியின் முத்தாரம்மன் கோயில்களும், கொடுங்ஙல்லூர்ப் பகவதி கோயிலில் உள்ள வசூரிமாலை சந்நிதியும் அந்த அச்சத்தின் ஆழத்தைக் காட்டுவன. நோய் கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ‘இவ்வீட்டில் அம்மை இருக்கிறது, அயலார் வரவேண்டாம்’ என்னும் அறிவிப்பு அது. பின்னர் நாம் பெருஞ்செலவில் கற்ற முறையின் ஒரு கூறு அந்த வேப்பிலையில் இருந்தது.

திருவிதாங்கூருக்குத் திரும்புவோம். மக்கள் தயங்கியபோது ராணியார் முதலில் தாமும் தம் குடும்பத்தினரும் அம்மைப்பால் வைத்துக்கொண்டார் என்பர். தயக்கத்திற்குக் காரணங்கள் இருந்தன. அக்காலத்தில் மருந்து குப்பியில் வரவில்லை. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு ஏற்றினர். யார் கையிலிருந்து யார் கைக்கு என்பது சாதிப் பிரிவினை இறுகியிருந்த சமூகத்தில் சிறிய கேள்வியன்று. வெப்பத்தில் மருந்து வீரியமிழந்தது. கன்றின் தோலில் அம்மைப்பால் வளர்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பின்னரே முதல் இடர் குறைந்தது. சென்னை கிண்டியில் கிங் நிலையம் தோன்றியதும் அப்பணிக்காகவே. வெப்பத்தைத் தாங்கும் உறைஉலர் மருந்து பரவலாகக் கிடைக்க 1960களாயின.

இனி, 1879இன் அரச விளம்பரம். அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் முதலியோர் கட்டாயமாக அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று அது பணித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் தடுப்பூசிச் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. அதுவும் நகராட்சிகளையும் பாசறைகளையும் முதன்மையாகக் கருதியது. திருவிதாங்கூரின் முன்னோடித்தனத்தைப் போற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் கண்ணால் அப்பட்டியலைப் படித்துப் பாருங்கள். சம்பளம் பெறுபவன், வகுப்பில் அமர்ந்திருப்பவன், சிறையில் அடைபட்டவன்: மூவரும் ஏற்கெனவே அரசின் கைக்குள் இருப்பவர்கள். வயலிற் பணிபுரிந்த தாயின் இடுப்புக் குழந்தை அப்பட்டியலில் இல்லை. எட்டக்கூடியவர்களை எட்டிவிட்டு நிறைவு கொள்வது நிர்வாகத்தின் பழைய வழக்கம்.

அவ்வழக்கம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, மூன்றாண்டுகளில் மக்களுள் 80 விழுக்காட்டினர்க்கு அம்மை குத்துவது குறிக்கோள். கோடிக்கணக்கில் அம்மை குத்தியதாகப் பதிவேடுகள் காட்டின. எனினும் 1967இல் நாட்டில் 80,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது: பள்ளிச் சிறுவர் போன்று எளிதில் கிட்டுவோருக்கே மீண்டும் மீண்டும் குத்தி எண்ணிக்கையை நிறைவு செய்திருந்தனர். கைக்குழந்தைகளும், வேலை தேடி இடம்பெயர்வோரும், நகர்ப்புறச் சேரிவாழ் மக்களும் விடுபட்டிருந்தனர். எண்ணப்பட்டது ஊசி, எண்ணப்படாமல் விடப்பட்டவர் மனிதர். புள்ளிவிவரம் தயாரிக்கும் பணியில் ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் இதைச் சற்று வெட்கத்துடனேயே சொல்கிறேன்.

திருப்பம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1966 இறுதியில் கிழக்கு நைஜீரியாவில், அனைவருக்கும் குத்தப் போதிய மருந்து இல்லாத நிலையில், வில்லியம் ஃபெய்கி என்னும் மருத்துவர் நோய் கண்ட இடங்களைத் தேடிக் கண்டு, அவற்றைச் சூழ்ந்திருப்போருக்கு மட்டும் மருந்திட்டார். தொற்றுச் சங்கிலி அறுந்தது. பெரியம்மைக் கிருமிக்கு மனித உடலன்றி வேறு புகலிடம் இல்லை. பிழைத்தவரை அது பெரும்பாலும் மீண்டும் தீண்டாது. எனவே, நோயாளியைச் சுற்றி வேலியிட்டால் கிருமி செல்ல வழியற்று அழியும். இம்முறையின் பயனைத் தமிழகமும் விரைவில் காட்டிற்று. 1973க்குள் தென் மாநிலங்கள் ஏறத்தாழ விடுபட்டுவிட, உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றில் நோய் நிலைத்து நின்றது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வீடுவீடாகத் தேடுதல் தொடங்கியது. நோயுற்ற குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் காட்டி, ‘இப்படி யாரையேனும் கண்டீர்களா?’ என்று பணியாளர் கேட்டனர். அதுவரை எந்த அறிக்கையிலும் இடம்பெறாத ஆயிரக்கணக்கான நோயாளிகள் வெளிப்பட்டனர். உடனே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. எண்ணிக்கை உயர்வதைத் தோல்வி என்றே பலர் கொண்டனர். 1974இல் அது 1,88,000ஐ எட்டியது. 31,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பீகாரில் அவ்வாண்டு நோய் உண்மையிலேயே கடுமையாகப் பரவியது. ஆயினும் மறைந்திருந்ததைக் காணத் துணிந்ததும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம். நோயுற்றவர் வீட்டு வாசலில் இரவும் பகலும் காவலர் அமர்த்தப்பட்டனர். வருவோர் அனைவருக்கும், நுனி பிளந்த சிறு ஊசியால், வாசலிலேயே மருந்திடப்பட்டது. மருந்தைச் சிக்கனப்படுத்திய அவ்வூசி ஏறத்தாழ ஒருவருக்கான மருந்தை நால்வருக்கு ஆக்கியது. தகவல் தருவோர்க்கான பரிசு 1975இல் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தபோது, அதற்குரிய நோயாளி நாட்டில் எவரும் இல்லை. 1977 ஏப்ரலில் இந்தியாவும், 1980 மே 8 அன்று உலகமும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன.

1967 முதலான உலகச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் மூன்றில் இரு பங்கை நோயுற்ற நாடுகளே ஏற்றன. அதன்பின் எந்த நாடும் இந்நோய்க்காகத் தன் மக்கள் அனைவருக்கும் மருந்து போடவேண்டியதில்லை. துறைமுகங்களில் சான்றிதழ் கேட்கவேண்டியதில்லை. ஒருமுறை செலவிட்டு என்றென்றும் பயன்பெறும் முதலீட்டுக்கு இதனினும் தெளிவான சான்று என் பாடநூல்களில் இருந்ததில்லை.

கேரளத்தின் தடுப்பூசி விழுக்காடுகளைப் பற்றி இங்குள்ள அலுவலர்கள் பெருமை கொள்வதில் நியாயம் உண்டு. எனக்கு ஒரே ஐயம். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, கட்டுமானக் கொட்டகைகளிலும் பெரும்பாவூர் ஒட்டுப்பலகை ஆலைகளின் அருகிலும் தங்கியுள்ள தொழிலாளரை இம்மாநிலம் மரியாதையுடன் விருந்தினர் என்றழைக்கிறது. வேலை முடிந்தால் அவர்கள் அடுத்த ஊருக்குச் செல்கிறார்கள். அவர்களுடைய ஒன்பது மாதக் குழந்தை எந்த அங்கன்வாடியின் பதிவேட்டில், எந்த விழுக்காட்டின் கீழ்வாய் எண்ணில் சேர்க்கப்படுகிறது? கேள்வி நேரத்தில் உங்களிடமிருந்து இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.