டச் ஸ்கிரீன் மேக்புக் ப்ரோ: இப்பவே வாங்கவா, காத்திருக்கவா?

(2025 நவம்பரில் பதிவு செய்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

மகாராஜபுரத்துல இருந்து பேசுறேன். இன்னிக்கு அமாவாசை. சதுரகிரிக்குப் போற வண்டிங்க தாணிப்பாறைக்கு நம்ம ஊரைத் தாண்டித்தான் போகணும். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா கொஞ்சம் சகிச்சுக்குங்க.

இந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கல்யாண வீடியோ எடிட் பண்றவர். இப்ப வச்சிருக்கிறது பழைய விண்டோஸ் லேப்டாப். ராத்திரி ரெண்டர் போட்டுட்டுப் படுத்தா, காலையில எழுந்து பாக்குறப்ப பாதியில நிக்குதாம். தை, மாசி ரெண்டுக்கும் சேர்த்து ஒன்பது ஆர்டர் கையில இருக்கு. அம்மா நகையை அடகு வச்சு 14 இன்ச் மேக்புக் ப்ரோ வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டார். அதுக்குள்ள யாரோ, "டேய், அவசரப்படாதே, அடுத்த வருஷம் டிசைனே மாறப் போகுது, டச் ஸ்கிரீன், ஓஎல்இடி எல்லாம் வருது. இப்ப வாங்கினா பழசை வாங்கின மாதிரி"ன்னு சொல்லி மனசைக் கலைச்சுட்டாங்க. "அண்ணே, நான் என்ன பண்ணட்டும்?" இதுதான் கேள்வி. இந்த மாதிரி மெசேஜ் நிறைய வந்திருக்கு. ஆனா அம்மா நகை சம்பந்தப்பட்டது இது ஒண்ணுதான், அதனால இதை எடுத்துக்கிட்டேன்.

முதல்ல, என்ன பேசிக்கிறாங்கன்னு பார்த்துடுவோம். அக்டோபர் மாசம் ஆப்பிள் எம்5 சிப் போட்ட 14 இன்ச் மேக்புக் ப்ரோவை அறிவிச்சாங்க. வெளித்தோற்றத்துல ஒரு மாற்றமும் இல்லை, 2021-ல வந்த அதே உடம்பு. அதுக்கு அடுத்த நாளே ப்ளூம்பெர்க்ல மார்க் குர்மன் எழுதினார்: எம்6 சிப்போட வரப்போற மேக்புக் ப்ரோவுல ஓஎல்இடி திரை இருக்கும், அது டச் ஸ்கிரீன், உடம்பு இன்னும் மெல்லிசா, எடை குறைவா இருக்கும். மேல இருக்கிற நாட்ச் போய், கேமராவுக்கு ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். விரலால தொடும்போது திரை பின்னால சாயாம இருக்க ஹிஞ்சை, அதாவது கீலை, பலப்படுத்துறாங்க. 2026 கடைசியிலயோ 2027 ஆரம்பத்துலயோ வரும். விலை சில நூறு டாலர் கூடும். இதுக்கு ஒரு மாசம் முன்னாடி, செப்டம்பர்ல, மிங்-சி குவோவும் ஓஎல்இடி மேக்புக் ப்ரோவுல டச் வரும்னு சொல்லியிருந்தார்.

ரெண்டு பேரும் சும்மா அடிச்சு விடுற ஆளுங்க இல்லை. 2021-ல மேக்சேஃப் திரும்ப வரும், டச் பார் போகும்னு குவோ ஜனவரியிலயே சொன்னார், அக்டோபர்ல அப்படியே நடந்தது. அதே வருஷம் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7-க்கு ஓரம் தட்டையா இருக்கும்னு ஊரெல்லாம் படம் போட்டாங்க, வந்தது பழைய வளைஞ்ச வாட்ச். அதனால ரூமரை முழுசா நம்பவும் வேண்டாம், முழுசா ஒதுக்கவும் வேண்டாம். இந்த மேக்புக் விஷயத்துல நான் நம்புற பக்கம்தான். வரும். டச்சும் வரும்.

சரி, டச் வேணுமா? இங்கதான் சண்டையே. 2010-ல ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார்: செங்குத்தா நிக்கிற திரையைக் கையை நீட்டித் தொட்டுக்கிட்டே இருந்தா கை விட்டுப் போகும், நாங்க சோதிச்சுப் பார்த்துட்டோம், சரிவராதுன்னு. 2018-ல கிரெய்க் ஃபெடரிகியும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "அப்ப சொன்னதுக்கு இப்ப என்ன பதில்?"னு நக்கல் பண்றாங்க. நான் நக்கல் பண்ண மாட்டேன். ஜாப்ஸ் சொன்னது நாள் முழுக்க டச்சை மட்டுமே நம்பி வேலை பாக்குறதுக்குச் சரிதான். ஆனா 2012-ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து டச் லேப்டாப் வச்சிருக்கிறவங்களைக் கவனிச்சுப் பாருங்க. யாரும் நாள் முழுக்கத் தொடுறது இல்லை. ஒரு பக்கத்தைத் தள்ளி விடுவாங்க, ஒரு போட்டோவை விரிச்சுப் பார்ப்பாங்க, "ஓகே" பட்டனை அமுக்குவாங்க, அவ்வளவுதான். போன்ல வளர்ந்த பிள்ளைங்க எந்தத் திரையைக் கண்டாலும் முதல்ல விரலைத்தான் வைக்குதுங்க. டச் இல்லாத லேப்டாப் கெட்டுப் போச்சுன்னே நினைக்குதுங்க. ஆப்பிள் இறங்கி வர்றது அந்தப் பழக்கத்துக்குத்தான்னு எனக்குத் தோணுது. கீபோர்டும் டிராக்பேடும் அப்படியே இருக்கப் போகுது, டச் கூடுதல் வசதி மட்டும்தான்.

எடிட்டருக்கு அதனால லாபம் என்ன? பெருசா இல்லை. டைம்லைன்ல ஒரு ஃபிரேம் துல்லியமா வெட்டணும்னா விரல் நுனி பத்தாது, கீபோர்டு ஷார்ட்கட்தான். அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல, பால்கோவா தின்ன விரலோட கஸ்டமர் வந்து, "இந்தப் போட்டோ நல்லாருக்கு"ன்னு திரையை அமுக்கிக் காட்டுவாங்க. இப்பவே அமுக்குறாங்க, இனிமே அமுக்கினா ஏதாச்சும் நடக்கும்.

ஓஎல்இடி விஷயம் அப்படி இல்லை, அதுல விஷயம் இருக்கு. இப்ப மேக்புக் ப்ரோவுல இருக்கிறது மினி-எல்இடி. பின்னால ஆயிரக்கணக்கான சின்ன விளக்குங்க, கூட்டம் கூட்டமா பிரிச்சு எரியும். நல்ல திரைதான். ஆனா இருட்டுல குத்துவிளக்குச் சுடர் மட்டும் இருக்கிற ஷாட்டைப் போட்டுப் பாருங்க, சுடரைச் சுத்தி லேசா ஒரு புகை வெளிச்சம் தெரியும். ஓஎல்இடியில ஒவ்வொரு புள்ளியும் தனக்குத் தானே எரியும், அணையும். கறுப்புன்னா கறுப்பு. இன்னொண்ணு, கல்யாண வீட்டுக்காரங்க வீடியோவை எதுல பாக்குறாங்க? போன்ல. நிறைய போன்ல இப்ப ஓஎல்இடி திரைதான். நீங்க பார்த்து கலர் பண்ற திரையும் அவங்க பாக்குற திரையும் ஒரே ஜாதியா இருந்தா, "முகம் ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?"ங்கிற போன் கால் குறையும். அதே சமயம் மெனு பாரும் டைம்லைனும் ஒரே இடத்துல நாள் முழுக்க அசையாம நிக்கிற வேலை இது. ஓஎல்இடியில அந்தத் தடம் பதிஞ்சு போற பயம் இருக்கு. 2024 ஐபேட் ப்ரோவுல ரெண்டு ஓஎல்இடி அடுக்கை ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பளுவைப் பகிர்ந்து கொடுத்தாங்க. மேக்புக்லயும் அந்த முறை வந்தா பயம் குறையும், முழுசா போகாது.

நான் பயப்படுறது டச்சுக்கும் இல்லை, ஓஎல்இடிக்கும் இல்லை. "இன்னும் மெல்லிசா"ன்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதுக்குத்தான். ஏன்னா இந்தப் படத்தை நாம ஒரு தடவை பார்த்துட்டோம்.

2016. அந்த வருஷம் அக்டோபர்ல புது மேக்புக் ப்ரோ வந்தது. கீபோர்டுக்கு மேல ஒரு சின்ன ஓஎல்இடி பட்டை வரும்னு மே மாசமே ரூமர் கசிஞ்சிருந்தது, சரியாவே வந்தது, அதுதான் டச் பார். எல்லாரும் அதைப் பத்தியே பேசினாங்க. மெல்லிசா ஆக்கணும்னு மேக்சேஃப், ஹெச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு ஸ்லாட் மூணும் போச்சு. வீடியோ, போட்டோ வேலை பாக்குறவங்க பை நிறைய டாங்கிள் தூக்கிட்டு அலைஞ்சாங்க. அதாவது பரவாயில்லை, எரிச்சலோட போச்சு. அசல் அடி ரெண்டு இடத்துல விழுந்தது.

ஒண்ணு கீபோர்டு. பட்டர்ஃப்ளைன்னு பேரு. 2015-ல 12 இன்ச் மேக்புக்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் ப்ரோவுக்கும் வந்தது. சாவியோட ஆழத்தைக் குறைச்சுட்டாங்க. ஒரு தூசு உள்ள போனாப் போதும், எழுத்து விழாது, இல்லன்னா ரெண்டு தடவை விழும். ஒரு சாவிக்காக மேல்பாகம் மொத்தத்தையும், பேட்டரியோட சேர்த்து மாத்தணும். 2018 ஜூன்ல ஆப்பிளே இலவச சர்வீஸ் அறிவிச்சது. 2019 நவம்பர்ல 16 இன்ச் மாடல் வந்தப்பதான் பழைய மாதிரி கீபோர்டு திரும்பி வந்தது. அமெரிக்காவுல வழக்கு போட்டு, 2022-ல 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆச்சு. அதுவும் அங்க ஏழு மாநிலத்துல வாங்கினவங்களுக்கு மட்டும்.

ரெண்டாவது இந்தக் கீல் சமாச்சாரம். திரைக்குப் போற மெல்லிசான ஒரு கேபிள், கீலைச் சுத்திப் போகும். மூடித் திறந்து மூடித் திறந்து அது தேய ஆரம்பிச்சது. திரையோட கீழ்ப்பக்கம் மேடை விளக்கு மாதிரி திட்டுத் திட்டா வெளிச்சம் வரும், அப்புறம் திரையே அணைஞ்சு போகும். அந்தக் கேபிள் திரையோட சேர்ந்தே இருந்ததால, சின்னக் கேபிளுக்குப் பதிலா மொத்தத் திரையையும் மாத்தணும். 'ஃப்ளெக்ஸ்கேட்'னு பேரே வச்சாங்க. 2018 மாடல்ல அந்தக் கேபிளை ஒரு 2 மில்லிமீட்டர் நீட்டியிருந்தாங்க, ஐஃபிக்ஸிட் பிரிச்சுப் பார்த்துச் சொன்னது. 2019 மே மாசம் 13 இன்ச் 2016 மாடலுக்கு இலவச ரிப்பேர் அறிவிச்சாங்க.

இப்ப யோசிங்க. 2016-லயும் ரூமர் பொய் சொல்லலை. டச் பாரைச் சரியாச் சொன்னது. தூசுக்கு நிக்காத கீபோர்டையும் ரெண்டு வருஷத்துல தேயப் போற கேபிளையும் யாராலயும் முன்கூட்டியே கசிய விட முடியாது. செஞ்ச ஆப்பிளுக்கே தெரியலையே! ஒரு பொருளோட வடிவம் ஃபேக்டரியில இருந்து வெளிய வந்துடும், அது எத்தனை வருஷம் உழைக்கும்ங்கிறது வாங்கினவன் வீட்டுலதான் தெரியும். வரப்போற மேக்புக்ல மாறுறது எல்லாமே திரை, திரையைத் தாங்குற கீல், உடம்போட கனம். போன தடவை அடி வாங்கின அதே இடம். இந்தத் தடவை அந்தக் கீல் தினமும் நூறு தடவை விரல் குத்தையும் தாங்கணும். ஆப்பிள் பாடம் படிச்சிருக்கும், 2021 மாடலைக் கொஞ்சம் கனமாவே செஞ்சு போன அந்த மூணு போர்ட்டையும் திருப்பிக் கொடுத்தவங்கதான். ஆனா அதுக்கு அம்மா நகையைப் பந்தயம் கட்ட வேண்டியது இல்லை. சென்னையிலயோ பெங்களூருலயோ இருந்தா வாசல்ல இறங்கி சர்வீஸ் சென்டர் போயிடலாம். நம்ம பக்கம்னா மதுரை பஸ் ஏறணும், முகூர்த்த நேரத்துல ஒரு வாரம் மெஷின் இல்லாம உக்காரணும்.

விலைக் கணக்கையும் போட்டுடுவோம். எம்5 மாடல் 2025-ல வந்தப்ப அமெரிக்காவுல 1,599 டாலர், அங்க வரி தனி. இங்க ஜிஎஸ்டியோட 1,69,900 ரூபா. அப்படின்னா ஆப்பிள் ஒரு டாலருக்கு நம்மகிட்ட வாங்குறது சுமார் 106 ரூபா. "சில நூறு டாலர்"னா குறைஞ்சது முந்நூறுன்னு வைங்க, 32,000 ரூபா கூடுது. ரெண்டு லட்சத்தைத் தாண்டிடும். அந்தப் பக்கம், இப்ப 1,70,000-க்கு நகை வச்சா, நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னே வச்சாலும் மாசம் 1,700. ஒன்பது ஆர்டரை நேரத்துக்குக் கொடுத்தா இந்த வட்டி கண்ணுக்கே தெரியாது. காத்திருந்தா தை, மாசி மட்டும் இல்லை, வைகாசி, ஆவணி எல்லாம் அந்தப் பாதியில நிக்கிற ரெண்டரோடதான். கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் ஆகியும் வீடியோ வரலைன்னா அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுக்குப் போயிடும், அதை ஓஎல்இடி கறுப்பு திருப்பிக் கொண்டு வராது.

அதனால தம்பி, உங்களுக்கு என் பதில்: வாங்குங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, அதை நீங்க வாய்ஸ் நோட்ல சொல்லவே இல்லை. எதுல எடிட் பண்றீங்க? நம்ம ஊர் ஸ்டுடியோ நிறைய எடியஸ்லதான் ஓடுது. எடியஸ் விண்டோஸ்ல மட்டும்தான், மேக்ல கிடையாது. உங்க டெம்ப்ளேட், பழைய ப்ராஜெக்ட் எல்லாம் எடியஸ்னா, தை பிறக்க ரெண்டு மாசம்கூட இல்லாத நேரத்துல புது சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு ஒன்பது கல்யாணத்தை முடிக்கிறது தலைவலி. அப்ப மேக்கையே விட்டுட்டு, அதே காசுல இல்ல அதுக்கும் கம்மியா, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட விண்டோஸ் டெஸ்க்டாப் ஒண்ணு அசெம்பிள் பண்ணுங்க. நகையில பாதி வீட்டுலயே இருக்கும். பிரீமியர் இல்ல டாவின்சின்னா பிரச்சினை இல்லை, ரெண்டும் மேக்ல ஓடும். எம்5 அடிப்படை மாடல் 4கே கல்யாண வீடியோவுக்குத் தாங்கும். ஸ்டோரேஜுக்கு ஆப்பிள்கிட்ட கூடுதல் காசு கொடுக்காதீங்க, வெளிய ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டிக்குங்க.

அவசரம் இல்லாதவங்க, ஏற்கெனவே எம்1, எம்2 ப்ரோ வச்சிருக்கிறவங்க, தாராளமா காத்திருங்க. வந்த அன்னிக்கே வாங்காதீங்க, ஒரு ஆறு மாசம் அடுத்தவங்க மூடித் திறந்து பார்க்கட்டும்.

அடுத்த எபிசோட்ல, பழைய மேக்புக்கை செகண்ட் ஹேண்டுல வாங்கும்போது பேட்டரி சைக்கிள் கவுண்டை எப்படிப் பார்க்கிறதுன்னு பேசுவோம். தம்பி, எடியஸா டாவின்சியான்னு மட்டும் ஒரு வாய்ஸ் நோட் போட்டு விடுங்க.