தென் இத்தாலியில் ஜாகை போட்ட அனுபவம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த எனக்கு அயல்நாட்டுப் பிரயாணம் பற்றிப் பேசும் தகுதி உண்டோ என்று ஐயுற்றேன். செயலாளர் விடவில்லை. "நம் காலனிப் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வேலை பார்க்கிறார்கள், பெற்றோர் போய் வருகிறார்கள். எதைப் பார்ப்பது என்று சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. எங்கே தங்கிக்கொண்டு பார்ப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அந்த ஒரு விஷயத்தோடு நிற்கிறேன்.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாங்கள் ஐவர் இத்தாலியின் தென்பகுதிக்குச் சென்றோம். என் அக்காள், ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவள் மகன், அவன் மனைவி, என் மனைவி, நான். அக்காளுக்கு வயது 63. முழங்கால் வலியும் இரத்தக் கொதிப்பும் உண்டு. எங்கள் தாய் மறைந்தபின் என்னை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பியவள் அவளே. "நான் வந்தால் உங்களுக்கெல்லாம் பாரம்" என்று சொல்லிச் சொல்லி மறுத்தவளை, ஓராண்டு வற்புறுத்தி அழைத்துச் சென்றோம்.

இத்தாலி நாடு படத்தில் முழங்கால்வரை அணியும் சோடு போலத் தோன்றும். அதன் குதிகால் பகுதிக்குப் பூலியா என்று பெயர். தலைநகரம் பாரி. வள்ளல் பாரியின் பெயரைக் கேட்டதும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது. சம்பந்தம் ஒன்றும் கிடையாது. விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தோம். அந்நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், ஓட்டும் பொறுப்பு அங்கே பழகிய அக்காள் மகனுடையது. எந்த ஊரில் எந்த அறை என்று தேர்ந்த பொறுப்பு என்னுடையது. இதை முன்னதாகவே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் திட்டம் ஒன்பது இரவுகள், எட்டு ஊர்கள். பாரி, ட்ரானி, மாத்தேரா, அல்பெரோபெல்லோ, ஒஸ்தூனி, லெச்சே, ஓத்ரந்தோ, கல்லிப்போலி, மீண்டும் பாரி. காகிதத்தில் பார்க்க வெகு அழகாக இருந்தது. ஒரு புகழ்பெற்ற ஊரும் விடுபடவில்லை.

பாரியில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தைக் கண்டோம். 1087-ஆம் ஆண்டில் மாலுமிகள் அவருடைய எலும்புகளைக் கொணர்ந்த பின்னர் எழுந்தது அது. ட்ரானியில் கடலோரத்திலேயே நிற்கும் பேராலயத்தைக் கண்டோம். மூன்றாம் நாள் மாத்தேரா. அது பூலியாவை ஒட்டிய பசிலிக்காட்டா மாநிலத்தைச் சேர்ந்தது. மலைச் சரிவின் பாறையைக் குடைந்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். நீர்க் குழாயோ கழிவு நீர் வசதியோ இன்றி, கால்நடைகளோடு ஒரே குகையில் குடும்பங்கள் வாழ்ந்த நிலை கண்டு அந்நாடே வெட்கமுற்றது. 1952-இல் சட்டம் இயற்றி, சுமார் 15,000 பேரைப் புது வீடுகளுக்கு மாற்றினார்கள். அதே குகைகள் 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. இன்று அவற்றுள் பல தங்கும் விடுதிகள்.

புகைப்படத்தில் மயங்கி அத்தகைய குகை அறை ஒன்றை அமர்த்தியிருந்தேன். காரை மேலே சாலையோரம் நிறுத்திவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கற்படிகளில் இறங்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. தொண்ணூறுக்கு மேற்பட்ட படிகள். பாதிவழியில் அக்காள் உட்கார்ந்துவிட்டாள். அறைக்கு வந்து பையைப் பிரித்தால் அவளுடைய இரத்தக் கொதிப்பு மாத்திரைகளைக் காணவில்லை. காலையில் ட்ரானி அறையை அவசரமாகக் காலி செய்தபோது மேசை இழுப்பறையில் தங்கிவிட்டன. அக்காள் மகன் திரும்பிக் காரோட்டி, போக வர மூன்று மணி நேரம் செலவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மாத்திரையோடு வந்தான்.

அக்காள் கோபிக்கவில்லை. "நாளை முதல் நீங்கள் போய்ப் பாருங்கள். நான் அறையிலேயே இருந்துகொள்கிறேன்" என்றாள். அவள் கோபித்திருந்தால் என் மனம் அவ்வளவு புண்பட்டிராது. ஓராண்டு வற்புறுத்தியதன் பயன் இதுவா என்று எனக்கு உறக்கம் வரவில்லை.

என் உத்தியோகம் டிரைவர்களுக்கும் கார்டுகளுக்கும் முறைப் பட்டியல் எழுதுவது. ஒவ்வொருவருக்கும் ஒரு தலைமை நிலையம் உண்டு; எவ்வளவு தொலைவு ஓடினாலும் அங்கே திரும்பி வந்து நீண்ட ஓய்வு பெறுவார். வெளியூர் ரன்னிங் ரூமில் கிடைப்பது குறுகிய ஓய்வே. இருபது ஆண்டுகளாக இதை எழுதி வருபவன், என் அக்காளைத் தலைமை நிலையமே இல்லாமல் ஓட விட்டிருந்தேன்! அந்த இரவே குகை விளக்கின் கீழ் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

அவ்விடங்களில் காலை 10, 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊர் அறை பிற்பகல் 3 மணிக்கு முன் பெரும்பாலும் கிடைக்காது. நடுவில் பெட்டிகள் காரில். வெளியே தெரியும்படி பெட்டிகளை வைத்துவிட்டுப் போகவும் மனம் வராது. போதாக்குறைக்குத் தென் இத்தாலியில் பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை கடைகளும் பல ஆலயங்களும் கதவடைத்துவிடும்; ஊரே உண்டு உறங்கும். ஆகவே ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளை விழுங்கும். மீதியிருந்த ஆறு இரவுகளுக்கு ஆறு மாற்றங்கள். முழுதாக மூன்று நாட்கள் ஷண்டிங்கிலேயே போய்விடும். எஞ்சின் எரிகிறது, வண்டி நகரவில்லை.

அடுத்து, தூரங்களைக் குறித்தேன். லோகோரொத்தோந்தோ என்ற சிற்றூரிலிருந்து மார்த்தினா ஃபிராங்கா 6 கிலோமீட்டர், அல்பெரோபெல்லோ 9, ஒஸ்தூனி சுமார் 25, கடற்கரை ஊர்களான மொனோப்போலியும் பொலிஞ்ஞானோவும் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். தெற்கே லெச்சே நகரிலிருந்து ஓத்ரந்தோ 45, கல்லிப்போலி 40, குதிகாலின் நுனியாகிய லேயூகா சுமார் 70. எட்டு ஊர்கள் வேண்டியதில்லை. இரண்டு ஜாகைகள் போதும். மூன்று இரவு அங்கே, மூன்று இரவு இங்கே.

ஏன் அல்பெரோபெல்லோவில் தங்கக் கூடாது என்று என் மனைவி கேட்டாள். சாந்து இல்லாமல் கல்லை மேல் அடுக்கிக் கூம்பு வடிவக் கூரையெழுப்பிய 'த்ருல்லி' வீடுகளுக்குப் புகழ் பெற்ற ஊர் அதுதான். அதனாலேயே பகலெல்லாம் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும். கார் நிறுத்த இடம் தேட வேண்டும். ஒஸ்தூனி வெண்சுண்ணம் பூசிய பேரழகி. ஆனால் மேடும் படியும். பார்ப்பதற்கு உகந்த ஊர் வேறு, மாலையில் களைத்துத் திரும்புவதற்கு உகந்த ஊர் வேறு என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

அக்காள் மகன் கைபேசியில் தேடி, லோகோரொத்தோந்தோவுக்கு வெளியே வயல் நடுவே ஒரு த்ருல்லி வீட்டைப் பிடித்தான். நாங்கள் கேட்டவை மூன்றே: வாசற்படிவரை கார் வர வேண்டும், படிக்கட்டு கூடாது, அடுப்பு இருக்க வேண்டும். முன்பு அமர்த்திய அறைகளுள் இரண்டின் பணம் திரும்பவில்லை. அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

அங்கே சென்ற முதல் நாள் எந்த ஊரையும் பார்க்கவில்லை. அக்காள் துணி துவைத்து ஆலிவ் மரங்களுக்கிடையே கொடி கட்டி உலர்த்தினாள். மாத்திரை டப்பாவை அடுப்பு மேடையில், தன் வீட்டில் வைப்பது போலவே வைத்தாள். சந்தையில் வாங்கிய உலர்ந்த மொச்சை வகை ஒன்றை என் மனைவி வேகவைத்து மசித்தாள். அந்நாட்டாரும் அதைக் கீரையோடு சேர்த்து உண்கிறார்கள். ஏறக்குறைய நம் பருப்பு மசியல்தான். அல்தாமூரா ஊரின் கோதுமை ரொட்டி நான்கு நாட்கள் கெடாமல் இருந்தது. மறுநாள் காலை, "அந்தக் கூம்பு வீட்டு ஊர் பக்கம்தானே? வெயிலுக்கு முன் போய் வரலாமே" என்று முதலில் புறப்பட்டவள் அக்காள்! காலையில் ஒரு ஊர், பகலில் வீட்டுச் சாப்பாடும் உறக்கமும், மாலையில் மற்றோர் ஊர் என்று மூன்று நாட்களில் ஐந்து ஊர்களைப் பார்த்தோம். வலி மிகுந்த ஒரு மாலையில் அவள் வீட்டிலேயே இருந்தாள். அப்போது அவள் குரலில் பாரம் என்ற பேச்சில்லை.

லெச்சே சமதளமான நகரம். வெளிர்மஞ்சள் மென்கல்லில் செதுக்கிய ஆலயங்கள் மாலை வெயிலில் தேன் நிறம் கொள்ளும். ரயில்வேக்காரனாக ஒன்று சொல்ல அனுமதியுங்கள்: வடக்கேயிருந்து வரும் பெருவண்டிகளுக்கு அதுவே கடைசி நிலையம், அப்பால் ஓத்ரந்தோவுக்கும் கல்லிப்போலிக்கும் கிளைப் பாதைகள். ரயில்காரர்கள் எங்கே வண்டியை நிறுத்திக் கிளை பிரித்திருக்கிறார்களோ, அவ்வூர் ஜாகைக்கும் ஏற்றதாக இருப்பது வியப்பன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தாலியின் பழைய நகரப் பகுதிகள் பலவற்றில் வெளியார் கார் நுழையக் கூடாது. நுழைவாயிலில் கேமரா உண்டு. காவலர் இருக்க மாட்டார். வேறோர் ஊரில் அறியாமல் நுழைந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து ஜெர்மனி விலாசத்துக்கு அபராதச் சீட்டு வந்தது. ஆகவே லெச்சேயில் மதிலுக்கு வெளியே, நடந்து உள்ளே செல்லும் தூரத்தில் அறை எடுத்தோம். உள்ளேதான் தங்குவேன் என்பவர்கள், கார் எண்ணை விடுதிக்காரர் முன்கூட்டியே பதிவு செய்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்திய லைசென்சில் ஓட்டுபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்ல வேண்டும்.

கல்லிப்போலி செல்லும் வழியில் அக்காள் காரை நிறுத்தச் சொன்னாள். இருமருங்கிலும் ஆலிவ் மரங்கள் சாம்பல் நிறமாய்ப் பட்டு நின்றன. 2013-இல் அப்பகுதியில் கண்டறியப்பட்ட சைலெல்லா என்னும் நுண்ணுயிர் நோய் இலட்சக்கணக்கான மரங்களைக் கொன்றிருக்கிறது. கஜா புயலுக்குப் பின் 2018-இல் எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகளைப் பார்த்தவள் அவள். வேலியோரம் நின்று ஒரு மரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. அன்றிரவு போய்ச் சேர வேண்டிய புது ஊர் எங்களுக்கு எதுவும் இல்லை.

ஊர் திரும்பிய பின் அக்காள் ஒரு நாள் தொலைபேசியில், "சிசிலித் தீவுக்கு ரயிலையே கப்பலில் ஏற்றிக் கொண்டு போகிறார்களாமே, உண்மையா?" என்று கேட்டாள். உண்மைதான், வில்லா சான் ஜொவான்னியிலிருந்து மெசினாவுக்கு ஜலசந்தியைக் கடக்கிறார்கள். கலாப்ரியாவில் ஒரு ஜாகை, சிசிலியில் ஒரு ஜாகை என்று தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். விடுப்பு விண்ணப்பம் மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது.