குனிந்த தலை நிமிரட்டும்

 

பல் மருத்துவப் பயிற்சியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி அண்மையில் என்னைக் காண வந்தாள். கழுத்தைத் திருப்ப இயலாமல் உடம்போடு திரும்பினாள். காரணம் வினவினேன். "நாள் முழுதும் குனிந்தே வேலை, ஐயா. நாற்று நட்ட என் அம்மா படாத வலியா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைகைக் கரை வயல்களில் குனிந்த முதுகுகளே நம்மைப் பள்ளிக்கு அனுப்பின. ஆயினும், வலியே உழைப்பின் அடையாளம் என்று நாம் எண்ணிவிடலாகாது.

உடலை வேலைக்கேற்ப வளைக்காமல், வேலையை உடலுக்கேற்ப அமைக்கும் அறிவுத் துறை பணிச்சூழலியல் எனப்படும். போலந்து நாட்டு அறிஞர் யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி 1857-ல் இத்துறைக்குப் பெயரிட்டார். சென்னையில் 1953-ல் அரசு பல் மருத்துவக் கல்வி தொடங்கிய காலத்தில், பல் மருத்துவர் நின்றுகொண்டே பணி செய்வது பெருவழக்கு. நோயாளியை முழுதும் சாய்த்துப் படுக்கவைக்கும் நாற்காலி 1958-ல் அமெரிக்காவில் வந்தபின், மருத்துவர் அமர்ந்து பணியாற்றும் முறை பரவிற்று.

எனினும் நாற்காலி மட்டும் நம்மைக் காக்காது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. தலை முன்னே சாயச் சாயக் கழுத்துத் தசைகள் தாங்கும் சுமை பெருகும். ஆதலால் மருத்துவரின் பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருத்தல் வேண்டும். நோயாளியின் வாய், மருத்துவரின் முழங்கை உயரத்தில் அமைதல் வேண்டும். மேல்வரிசைப் பற்களை எட்டிப் பாராமல், சிறு கண்ணாடியில் பார்த்துப் பழகுதல் வேண்டும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவர்க்கும் இடையே தோளையும் கழுத்தையும் சற்றுத் தளர்த்துதல் நன்று. பயிற்சிக் காலத்தில் படிந்த பழக்கமே பணிக்காலம் முழுதும் தொடரும்.

"இவையெல்லாம் உனக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியும், ஐயா. நாற்காலியைச் சரிசெய்து தரும்படி கேட்கத் தயங்கினேன்" என்றாள்.

அன்பர்களே, அந்தத் தயக்கத்தில் என் பங்கும் உண்டு. "குனிந்த தலை நிமிராத பிள்ளை" என்று வகுப்பில் அவளைப் பலமுறை பாராட்டியவன் நான். நம் முன்னோர்க்கு நிமிர உரிமை இல்லை, கேட்க இடமில்லை. நமக்கு இரண்டும் உண்டு. அறிந்ததைக் கேட்டுப் பெறுவதும் கல்வியே.

உயர்கல்விக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சங்கம் இதனையும் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். பிறர் நோய் தீர்க்கப் போகும் நம் பிள்ளைகள் தாம் நோயுறலாகாது.