பல கணினிகள், ஒரே களஞ்சியம்



தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் விழ வேண்டும். பிற்பகலில் ஸ்டோரில் பால் எடை விழ வேண்டும். இரண்டும் விழுந்தால்தான் மாத முடிவில் சம்பளம்.

நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் பால்மரம் வெட்டினார். ஒரு மாதம் அவருக்கு ஐந்து நாள் பால் எடை கணக்கில் வரவில்லை. ஸ்டோரில் ஒரு புத்தகம், ஆபீசில் ஒரு புத்தகம். ஸ்டோர்ப் புத்தகத்தில் இருந்த எடை ஆபீஸ் புத்தகத்தில் ஏறவில்லை. சம்பளமோ ஆபீஸ் புத்தகத்தைப் பார்த்துப் போடப்பட்டது. யாரும் திருடவில்லை. ஆனாலும் ஐந்து நாள் உழைப்பு போயிற்று.

இதற்கு வழி என்ன? "இரண்டு புத்தகம் வேண்டாம், எல்லாரும் ஒரே புத்தகத்தில் எழுதட்டும்" என்பீர்கள். சரியான விடைதான். ஆனால் பாதி விடை. மீதிப் பாதியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் வேலை ஒரு நொடியும் நிற்கக்கூடாது. ஒரே கணினியை நம்பியிருந்தால், அது பழுதானதும் எல்லாம் நின்றுவிடும். ஆகவே இரண்டு, மூன்று கணினிகளைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். இதைக் கணினிக் கூட்டம் என்று சொல்லலாம். ஒன்று படுத்துவிட்டால் மற்றொன்று வேலையை ஏற்கும். ஆனால் ஏற்கும் கணினிக்குப் பழைய கணக்கு தெரிய வேண்டுமே? அதனால் கணக்குகளை எந்தக் கணினியின் வயிற்றுக்குள்ளும் வைக்காமல், வெளியே ஒரு தனிப் பெட்டியில் வைக்கிறார்கள். வரிசை வரிசையாக வன்தட்டுகள் அடுக்கிய பெட்டி அது. எல்லாக் கணினிகளும் கம்பி வழியாக அதனுடன் இணைந்திருக்கும். இதுவே பொதுக் களஞ்சியம்.

இம்முறையை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம். அதன் வாக்ஸ் கணினிக் கூட்டம் 1983இல் அறிவிக்கப்பட்டது. கணினிகளும் வன்தட்டுகளை ஆளும் பெட்டிகளுமாக 16 வரை ஒரு நடுவிணைப்பில் சேர்க்க முடிந்தது.

இதே வாக்ஸ் கணினிகள்தாம் 1980களின் நடுவில் இந்திய ரயில்வேயின் பயணச்சீட்டு முன்பதிவுக்கும் வந்தன. புதுதில்லியில் தொடங்கிய அந்த ஏற்பாடு பின்னர் சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் பரவியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எந்த ஊர்ச் சன்னலிலும் எந்த ஊர் ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அந்தச் சன்னல்களை எண்ணிப் பாருங்கள். மதுரையில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே ரயிலின் ஒரே கீழ்ப்படுக்கையை ஒரே நொடியில் கேட்கிறார்கள். இருவருக்கும் சீட்டுக் கொடுத்துவிட்டால் இரவில் ரயிலில் சண்டைதான்! களஞ்சியம் ஒன்றாக இருப்பது மட்டும் இதைத் தடுக்காது.

ஏன் என்று ஒரு கணக்கால் காட்டுகிறேன். புத்தகத்தில் 40 கிலோ என்று இருக்கிறது. இரண்டு கிராணிகள் ஒரே சமயத்தில் அதைப் பார்க்கிறார்கள். ஒருவர் 10 கிலோவைக் கூட்டி 50 என்று எழுதுகிறார். மற்றவர் தாம் பார்த்த 40உடன் 15ஐக் கூட்டி, அந்த 50ஐ அடித்துவிட்டு 55 என்று எழுதுகிறார். வரவேண்டியது 65. பத்துக் கிலோ காணாமற் போனது. புத்தகம் ஒன்றுதான்; பேனா இரண்டு.

ஆகவே பூட்டு வேண்டும். ஒரு கணினி ஒரு வரியைத் திருத்தும்போது அந்த வரிக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளும். அது முடித்துப் பூட்டைத் திறக்கும்வரை மற்றவை காத்திருக்கும். காத்திருந்தபின் புதிய எண்ணைப் படித்துத்தான் கூட்டும்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு கணினிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் கம்பி அறுந்துவிட்டால்? "அது செத்துப்போனது, இனி நானே பொறுப்பு" என்று ஒவ்வொன்றும் நினைக்கும். இரண்டும் பூட்டைப் பாராமல் களஞ்சியத்தில் எழுதும். சிறிது நேரத்தில் கணக்கெல்லாம் குப்பையாகும். இதற்கு வாக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள். கணினிக்கு ஒன்றாக இரண்டு வாக்கு. களஞ்சியத்திலுள்ள ஒரு வன்தட்டுக்கு மூன்றாவது வாக்கு. எந்தக் கணினி அந்த மூன்றாவது வாக்கை முதலில் பிடிக்கிறதோ, அதற்கே பெரும்பான்மை. தோற்ற கணினியைக் களஞ்சியத்துக்குள் நுழையவிடாமல் வேலியடைத்து விடுவார்கள். அல்லது அதன் மின்சாரத்தையே நிறுத்திவிடுவார்கள். கடுமைதான். ஆனால் சந்தேகமுள்ள கை பேனாவைத் தொடக்கூடாது என்பதே விதி.

சரி, களஞ்சியமே பழுதானால்? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்ற மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுரை, பல சிறிய வன்தட்டுகளைச் சேர்த்து இந்த இழப்பைத் தாங்கும் முறைகளை வகுத்துக் காட்டியது. முதல் தட்டில் 5, இரண்டாவதில் 3, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 8 என்று வையுங்கள். இரண்டாவது தட்டு கெட்டால், 8இலிருந்து 5ஐக் கழித்து 3ஐ மீட்டுவிடலாம். என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கும் இது உடனே விளங்குகிறது. உண்மையில் கணினி செய்வது இதன் இன்னொரு வகைக் கணக்கு, கருத்து இதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தவறாக எழுதியதையும் அந்தத் தட்டுகள் அதே அக்கறையோடு காக்கும். 2021 டிசம்பரில் நம் சிலாங்கூரில் வந்தது போன்ற பெருவெள்ளம் புகுந்தால் பெட்டி முழுவதும் ஒன்றாகவே போகும். எனவே வேறோர் இடத்தில் தனிப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

நேயர்களே, ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் கோயில் கணக்கு, கூட்டுறவுக் கணக்கு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கு எல்லாம் இப்போது கணினிக்கு வந்துவிட்டன. பொறுப்பில் இருப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான கணக்கு ஓரிடத்தில்தான் இருக்கிறதா? ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் என்ன ஆகும்? அந்த இடம் அழிந்தால் படி எங்கே இருக்கிறது?

என் தந்தையாரின் ஐந்து நாள் கூலி கடைசிவரை வரவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் புத்தகத்தில் எது விடுபட்டது என்று கேட்க முடியவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரிய வேண்டும். பெட்டியைச் செய்கிறவர்களாகவும் பூட்டை அமைக்கிறவர்களாகவும் அவர்கள் வளர வேண்டும்.