பாரம் சுமந்த தளபதி



அசாமில் அலுவல் பார்க்கும் நம்மவர் பலர், விடுமுறைக்கு ஊர் வந்து திரும்புகையில் திப்ரூகர் விமான நிலையத்தில் இறங்கியிருப்பர். மோகன்பாரி என்பது அந்நிலையத்தின் மற்றொரு பெயர். தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த அந்த ஓடுபாதைக்கும், அதனை அடுத்துள்ள சாபுவா, தின்ஜான் முதலிய தளங்களுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்து அமெரிக்க விமானங்கள் இரவும் பகலும் கிளம்பி, இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டி, சீனத்தின் குன்மிங் நகருக்குப் பாரம் சுமந்து சென்றன. அப்பணியின் கடைசி ஓராண்டில் அதற்குத் தலைமை தாங்கியவர் வில்லியம் டன்னர் என்னும் அமெரிக்கத் தளபதி. அவரைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

டன்னர் எந்த நகரின்மீதும் குண்டு வீசிப் புகழ் பெற்றவர் அல்லர். வானில் எதிரி விமானத்தைத் துரத்தி வீழ்த்தியவரும் அல்லர். பெட்ரோல் பீப்பாய், நிலக்கரி மூட்டை, உலர்ந்த உருளைக்கிழங்கு இவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்ப்பதே அவர் வாழ்நாட்பணி. 1906ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்து, வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பயின்று 1928இல் வெளிவந்தார். போர் மூண்ட பின்னர், தொழிற்சாலைகளில் கட்டி முடிந்த விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிச் செல்லும் பிரிவுக்குத் தலைவரானார். விமானிகள் போதாமையால், தேர்ந்த பெண் விமானிகளை அப்பணியில் அமர்த்த 1942இல் வழி செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

அசாமுக்கு வருவோம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, சீனத்திற்குப் பொருள் சென்ற தரைவழி அடைபட்டது. எஞ்சியது வான்வழி ஒன்றே. மலைகளின் உயரம் 15,000 அடியும் அதற்கு மேலும். விமானிகள் அவ்வழிக்கு வைத்த பெயர் ‘திமில்’ என்பதாகும். மாட்டின் முதுகில் மேடிட்டிருக்கிறதே, அதே திமில்தான். மழைக்காலத்தில் திரண்ட மேகம், குளிர்காலத்தில் சிறகில் படியும் பனிக்கட்டி, திசை தப்பவைக்கும் கடுங்காற்று ஆகிய இவையே ஜப்பானியரைக் காட்டிலும் பெரிய பகைவர்களாயின. வானிலை எப்படியிருந்தாலும் விமானம் கிளம்பியே தீரவேண்டும் என்பது டன்னர் வருவதற்கு முன்பிருந்த விதி. பளு ஏறிற்று, அதனுடன் சாவும் ஏறிற்று. 1944 ஜனவரியில், ஆயிரம் மணி நேரப் பறப்புக்கு ஏறக்குறைய இரண்டு பெரும் விபத்துகள் நேர்ந்து வந்தன.

1944 செப்டம்பரில் டன்னர் பொறுப்பேற்றார். தலைமையகம் கல்கத்தாவை அடுத்து ஹூக்ளி நதிக்கரையில் ஒரு சணல் ஆலையில் இருந்தது. அவருக்கு இடப்பட்ட கட்டளை இரட்டைக் கட்டளை: பளுவையும் கூட்டவேண்டும், விபத்தையும் குறைக்கவேண்டும். பளுவைக் கூட்டினால் விபத்து கூடும் என்பதே அதுவரை எல்லாரும் கண்ட கணக்கு. டன்னர் அக்கணக்கை ஒப்பவில்லை. ஒழுங்கீனந்தான் இரண்டையும் கெடுக்கிறது என்று அவர் எண்ணினார்.

அவர் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். 650 மணி நேரம் பறந்து முடித்த விமானி தாயகம் திரும்பலாம் என்பது அக்கால நடைமுறை. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடே. ஆனால் என்ன நேர்ந்தது? வீட்டு நினைவு வாட்டும் இளைஞர்கள், விரைவில் திரும்பும் ஆவலில், மாதம் 160 மணிக்கு மேலும் பறந்து நான்கே மாதத்தில் கணக்கை முடிக்க முயன்றனர். உறக்கமின்றிக் கண் செருகிய நிலையில் மலைமீது பறந்தனர். சிலர் தாயகம் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. டன்னர் எல்லையை 750 மணியாக உயர்த்தினார். அதனோடு நில்லாமல், எத்தனை மணி பறந்திருந்தாலும் ஓராண்டு முடியாமல் எவரும் திரும்பலாகாது என்றும் ஆணையிட்டார். அவசரத்திற்கு இனி ஊதியம் இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த ஆணையைப் படித்த அன்று முகாம்களில் எழுந்த முணுமுணுப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பத்து நாளில் மனைவி மக்களைக் காண்போம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவனிடம் இன்னும் பல மாதம் இரு என்று சொல்வது எளிதா? ஊரை விட்டு வெகு தொலைவில் பிழைக்கும் நமக்கு அந்த மனம் தெரியும்; விடுமுறை ரத்தாகிவிட்டது என்ற ஒரு வரிக் கடிதம் என்ன செய்யும் என்பதும் தெரியும். போதாக்குறைக்கு, நாள்தோறும் முகம் மழித்துக்கொள்ள வேண்டும், அணிவகுத்து நிற்க வேண்டும், சனிக்கிழமைதோறும் சோதனை நடக்கும் என்றெல்லாம் உத்தரவுகள் வந்தன. ‘சாட்டைக்கார வில்லி’ என்று அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினர். அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

ஆயினும் சாட்டை மட்டும் அவர் கையில் இருக்கவில்லை. கொசுவை ஒழிக்க முகாம்களின்மீது விமானத்திலிருந்தே மருந்து தெளிக்கச் செய்தார். உணவும் உறைவிடமும் திருந்தின. விமானங்களைப் பழுது பார்க்கும் முறையையும் அடியோடு மாற்றினார். முன்பு ஒரே குழுவினர் ஒரு விமானத்தின் எல்லாப் பழுதையும் பார்த்தனர். இப்போது விமானம் நிலையம் நிலையமாக நகர்ந்து செல்லும். ஒவ்வோரிடத்திலும் அந்தந்த வேலையில் தேர்ந்தவர்கள் தத்தம் பங்கை முடித்து அனுப்புவர். மோட்டார்த் தொழிற்சாலையில் வண்டி உருவாகும் முறையைத் தலைகீழாகத் திருப்பிய ஏற்பாடு இது. அசாம் தளங்களில் பீப்பாய்களை விமானத்தில் ஏற்ற யானையும் உதவியது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதற்குப் புகைப்படச் சான்றே உண்டு.

பலன் எண்களில் தெரிந்தது. 1945 ஜூலையில் மாதப் பளு 71,000 டன்னைத் தாண்டிற்று. ஆயிரம் மணிக்கு இரண்டாக இருந்த விபத்து 0.36 அளவுக்கு இறங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி 24 மணி நேரத்தில் 1,118 பயணங்கள் நடந்தன. ஒரு விபத்தும் இல்லை. ஓராண்டு கட்டிப் போட்டாரே என்று ஏசியவர்களுள் எத்தனை பேர் அந்த ஆணையாலேயே உயிரோடு வீடு சேர்ந்தனர் என்பதை எவரும் எண்ணிச் சொல்ல முடியாது. தாம் இன்னார் என்று அவர்களுக்கே தெரியாதல்லவா?

இவ்விடத்தில் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. திமில்வழியில் பெட்ரோல் சென்றுகொண்டிருந்த 1943இல்தான் வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் பலரது கணிப்பு. டன்னர் வந்தது அதற்குப் பின்னர்; அவரைக் குறை கூறுவதற்கில்லை. எதைச் சுமப்பது, எவருக்குச் சுமப்பது என்பதைப் பாரம் சுமப்பவன் முடிவு செய்வதில்லை. அந்த முடிவு வேறு அறைகளில் ஆகிறது.

ஐந்து ஆண்டுகள் கழியுமுன், பசித்த நகரம் ஒன்றுக்கே உணவு சுமக்கும் வேலை அவரை நாடி வந்தது. 1948 ஜூன் 24ஆம் தேதி சோவியத் படையினர் மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் ரயில், சாலை, நீர்வழி அனைத்தையும் அடைத்தனர். உள்ளே இருபது லட்சம் மக்கள். உடனே விமானங்கள் மாவும் கரியும் கொண்டு பறக்கத் தொடங்கின. ஜூலை இறுதியில் டன்னர் ஜெர்மனி வந்து பார்த்தபோது எங்கும் ஒரே உற்சாகம். அலுவலகத்தை விட்டு ஓடிவந்தும் விமானம் ஓட்டுகிறார்கள், சாதனைகளைச் சொல்லி மகிழ்கிறார்கள். டன்னருக்கு அந்த உற்சாகமே பிடிக்கவில்லை. இப்பணி ஏற்றம் இறைப்பதைப் போன்றது. துள்ளிக் குதிப்பவன் விடியும் வரை இறைக்கமாட்டான் என்பது அவர் எண்ணத்தை நம் முறையில் சொல்வதாகும்.

ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. அதிகம் பறந்த விமானிக்கு, பெர்லின் குடிமகன் ஒருவர் நன்றியுடன் அளித்த தங்கக் கடிகாரத்தைப் பரிசளிக்கும் விழா. அதற்காக டன்னரே பெர்லினுக்குப் பறந்துகொண்டிருந்தார். மேகம் கூரைகளைத் தொடுமளவு இறங்கிவிட்டது, கனமழை. டெம்பல்ஹாஃப் நிலையத்தில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து எரிந்தது. அடுத்ததன் சக்கரங்கள் வெடித்தன. மூன்றாவது, கட்டி முடியாத பாதையில் இறங்கிச் சுழன்றது. மேலே விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமிட்டன. டன்னரின் விமானமும் அவற்றுள் ஒன்று. அவர் ஒலிவாங்கியை எடுத்து, தமக்கு மேலும் கீழும் உள்ள விமானங்கள் அனைத்தையும் திரும்பிச் செல்லுமாறு கட்டளையிட்டார்.

அன்று பிறந்தது புது விதி. முதல் முயற்சியில் இறங்க முடியாத விமானம் மறுமுறை முயலாமல் சரக்குடன் தளத்திற்கே திரும்பவேண்டும். வானம் தெளிந்திருந்தாலும் கருவிகளைப் பார்த்தே பறக்கவேண்டும். இரு பாதைகள் உள்ளே செல்ல, நடுப்பாதை வெளியே வர. மூன்று நிமிடத்திற்கு ஒரு விமானம். பெர்லினில் இறங்கிய விமானி விமானத்தை விட்டு அகலலாகாது. தேநீரும் சிற்றுண்டியும் வானிலைச் செய்தியும் வண்டியில் அவனிடமே வரும். ஆட்குறை நீங்க, சில ஆண்டுகளுக்கு முன் தம் பகைவராக இருந்த ஜெர்மானியத் தொழிலாளரையே பழுது பார்க்கும் பணியில் சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவு கண்டிப்பானவர் ஒரு விதிமீறலை மட்டும் வாழ்த்தினார். ஹால்வர்சன் என்ற இளம் விமானி, வேலியோரம் நின்ற சிறுவர்களுக்குக் கைக்குட்டைகளைக் குடையாகக் கட்டி மிட்டாய்களை வானிலிருந்து போட்டான். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. செய்தி தெரிந்ததும் டன்னர் அதைத் தொடருமாறு சொன்னார்.

1949 ஏப்ரலில், ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி, ஒரே நாளில் 1,398 பயணங்களில் 12,941 டன் இறங்கிற்று. ஒரு மாதத்திற்குள், மே 12ஆம் தேதி, முற்றுகை நீங்கியது. அதன்பின்னும் செப்டம்பர் வரை விமானங்கள் ஓடின. மொத்தம் ஏறத்தாழ 23 லட்சம் டன். அதில் பெரும்பங்கு நிலக்கரி.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பணியின் பெயரில் ஒரு சுவை தோன்றுவதுண்டு. ஆங்கிலேயர் இதனை வானில் தூக்கிச் செல்லுதல் என்ற பொருளில் வழங்குகின்றனர். அது தூக்கியவனின் பார்வை. ஜெர்மானியர் வைத்த பெயரோ வானப்பாலம் என்பது. அக்கரையில் காத்திருந்தவர்க்கு அது பாலமாகத்தானே தெரிந்திருக்கும்!

கொரியப் போரிலும் டன்னர் இதே பணியைச் செய்தார். 1950 டிசம்பரில் மலைக்கணவாயில் சிக்கிய அமெரிக்கப் படையினர் தப்பிவர, பாலத்தின் எட்டுத் துண்டுகளை அவருடைய விமானங்கள் குடைகட்டி இறக்கின. பின்னர் ஐரோப்பாவிலுள்ள அமெரிக்க விமானப்படைக்கும், 1958 முதல் 1960 வரை இராணுவ வான்போக்குவரத்துப் பிரிவுக்கும் தலைவராயிருந்தார். குண்டுவீச்சு விமானங்களுக்கே பணமும் மதிப்பும் குவிந்த காலம் அது. பயணிகளுக்காகக் கட்டியவற்றை ஒட்டுப்போட்டு ஓட்டுவது போதாது, சரக்குக்கென்றே ஜெட் விமானம் வேண்டும் என்று அவர் ஓயாமல் வாதாடினார். மேலதிகாரிகளின் மனக்கசப்பையும் தேடிக்கொண்டார். நான்காவது நட்சத்திரம் கிட்டாமலே, லெப்டினன்ட் ஜெனரலாக 1960இல் ஓய்வு பெற்றார். அவர் கேட்ட வகை விமானமாகிய சி-141 வானில் முதன்முதலாக எழுந்தது 1963 டிசம்பரில். அவர் காலமானது 1983இல்.

டெம்பல்ஹாஃப் நிலையம் 2008இல் மூடப்பட்டது. அதன் எதிரே 1951இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் அடியில், அப்பணியில் உயிர் நீத்த 39 ஆங்கிலேயர், 31 அமெரிக்கர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. திமில்வழியில் இழந்த விமானங்களோ ஏறத்தாழ 600. அவற்றின் சிதைவுகள் இன்னும் அருணாசலப் பிரதேசத்துக் காடுகளில் கிடக்கின்றன. மலைவாழ் மக்கள் கண்டெடுத்துக் கொடுத்த சிலவற்றை, 2023இல் பாசிகாட் நகரில் திறக்கப்பட்ட காட்சிச்சாலையில் காணலாம். திப்ரூகரிலிருந்து பிரம்மபுத்திராவைக் கடந்து சாலைவழியே அங்குச் செல்லலாம்.