குறையைச் சொல்லும் முறை



ஆஸ்பத்திரியில ஒரு குறைன்னா நாம குழாயடியில பேசுவோம், பஸ் ஸ்டாப்புல பேசுவோம். டாக்டர்கிட்ட மட்டும் பேச மாட்டோம். "நாளைக்கும் அவங்ககிட்டதானே போகணும்" என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாகப் போகாமல், குழுவாகப் போகச் சொல்கிறேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை 10 நாளுக்குத்தான் கொடுத்தார்கள். மாதம் 3 நடை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு நான் போனால், அன்றைக்கு 100 நாள் வேலைக் கூலி போச்சு. எங்கள் குழுவில் 6 வீட்டில் இதே கதை. யாரையும் திட்டாமல், போன தேதி, கொடுத்த மாத்திரை எத்தனை, எங்களுக்கு என்ன வேணும் என்று மட்டும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தோம். நகலில் தேதியோடு கையெழுத்தும் வாங்கினோம். அவங்க கோபப்படலை. மாத்திரை இருப்பு கம்மியா வருதுன்னு சொல்லி, எங்கள் மனுவை வைத்தே மேலே கேட்டு எழுதினார்கள். இப்போது 30 நாள் மாத்திரை கிடைக்குது.

அங்கே தீரவில்லை என்றால் 104-க்குப் போன் பண்ணலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். கிராம சபையிலும் எழுந்து பேசலாம்.

நல்லது செய்தாலும் சொல்லணும். ராத்திரி பிரசவம் பார்த்த நர்சம்மாவுக்கு நாலு வரி நன்றி எழுதிக் கொடுங்க. இரண்டையும் சொல்றவங்க பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்பாங்க.