கூடைப்பந்துக் குழுவும் குடும்பத்தார் கடமையும்

(கொருக்குப்பேட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘மாணவர் முன்னேற்றம்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். அப்பொருளையே பேசுவேன், ஆயினும் புத்தகத்தினின்று தொடங்காது ஒரு பந்தினின்று தொடங்குகின்றேன். கலாசாலைகள் திறக்கும் காலம் இது. நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலர் விடியுமுன் எழுந்து, கலாசாலைக் கூடைப்பந்துக் குழுவில் இடம் பெறுதற்பொருட்டு மைதானம் செல்லத் தொடங்கியுள்ளனர். அவர்களைப் பற்றி வீடுதோறும் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. ‘படிக்க அனுப்பினோமா, பந்து விளையாட அனுப்பினோமா?’ என்பதே அவ்வழக்கு. பல்லாண்டு சரீரப் பயிற்சி ஆசிரியனாகப் பணியாற்றியவன் என்னும் முறையில், அவ்வழக்கில் சாட்சி சொல்லவே இங்கு நிற்கின்றேன்.

முதற்கண் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது கேளுங்கள். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை வகுத்தார். கடுங்குளிரால் வெளியே ஆட இயலாது சோர்ந்திருந்த தம் மாணவர் பதினெண்மரைப் பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பிரித்து, பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதித் தொங்கவிட்டார். அவ்விதிகளுள் ஒன்று, பந்தைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடலாகாது என்பது. தட்டிக்கொண்டு செல்லும் வழக்கம் பின்னர் வந்தது. தொடக்கத்தில் பந்து கிட்டியவன் நின்ற இடத்தினின்று மற்றொருவனுக்கு எறிந்தேயாக வேண்டும். கிடைத்ததைத் தானே வைத்துக்கொள்ளாது பிறனுக்குக் கொடுத்தல் என்னும் அறத்தின்மீதே இவ்வாட்டம் எழுந்தது என்று சொல்லலாம். இக்கருத்தை நினைவில் வையுங்கள். முடிவில் இதற்கே திரும்பி வருவேன்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் சரீரப் பயிற்சிக் கலாசாலையை நிறுவினார். இன்று நந்தனத்தில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. அங்குப் பயின்ற ஆசிரியர்கள் பற்பல ஊர்களுக்கும் சென்று, இவ்விளையாட்டையும் பிற விளையாட்டுக்களையும் பள்ளிதோறும் பரப்பினர்.

நிற்க. ஒரு குழு போட்டிப் பருவத்துக்கு எங்ஙனம் ஆயத்தமாகின்றது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். ஆட்டத்தைக் காண்பவர்க்குத் தெரிவது 40 நிமிஷமே. பத்துப் பத்து நிமிஷமாக நான்கு பகுதி. அதற்கு முற்பட்ட உழைப்போ பல வாரங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திறந்தவெளிச் சிமெண்டுத் தளத்தில் கால் வழுக்கும். ஆதலின் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிலேயே அடித்தளம் இட்டாக வேண்டும். வெயிலேறு முன் பயிற்சி முடிய வேண்டுமாதலால் காலை ஐந்தரை மணிக்கே பிள்ளைகள் கூடுவர்.

முதல் வாரங்களில் கூடையை நோக்கி எறிதல் மிகக் குறைவு. ஓடுதல், திடீரென நிற்றல், திரும்புதல், குதித்தல் ஆகியவையே மிகுதி. குதித்தலினும் இறங்குதல் அரிது. இரு பாதங்களும் சமமாய்ப் படிய, முழங்கால் சற்று மடங்க இறங்கக் கற்காதவன், பிறன் பாதத்தின்மேல் இறங்கிக் கணுக்கால் பிசகி வாரக்கணக்கில் படுத்திருப்பான். அடுத்துப் பந்து வழங்கல். அதன்பின் எதிரியை மறித்துப் பக்கவாட்டில் நகர்தல். அதன்பின் ஐவரும் ஒருவர் குறிப்பை ஒருவர் உணர்ந்து ஆடுதல். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் ஒரு குழு எறிந்தாக வேண்டுமென்பது இக்கால விதி. அச்சிறு பொழுதில் கூடி ஆலோசிக்க இடமேது? ஆலோசனை யாவும் அதிகாலைகளிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இறுதியில் தனி எறிதல். எதிரி விதி மீறினால் கிடைப்பது இது. யாரும் மறியார், பலகையினின்று நாலரை மீட்டருக்குச் சற்றே மிகுந்த தூரம், ஐந்து விநாடி அவகாசம். இதனினும் எளியது யாது எனத் தோன்றும். ஆயினும் கால்கள் ஓய்ந்து, மூச்சு வாங்கி, சபை முழுதும் ஆரவாரிக்கையில், கை நடுங்காமல் எறிதல் எளிதன்று. அக்கணத்தில் அவனுக்குத் துணை அவன் தனிமையில் எறிந்து பழகிய ஆயிரம் எறிகளே.

இவ்வளவும் ஆசிரியரும் மாணவரும் செய்வன. ஆனால் இவை நடத்தற்கு வேண்டிய உறக்கமும் உணவும் எங்கிருந்து வரும்? வீட்டினின்றே வரும். இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றைச் சபையறியச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

பல்லாண்டுகட்கு முன் என்னிடம் ஒரு மாணவன் வந்தான். தந்தை சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குபவர். பையன் பாய்ந்தால் மற்றவர் தலைக்கு மேல் அவன் தோள் தெரியும். மூன்றாம் வாரம் ஒரு நாள் ஓட்டத்தின் நடுவே தலை சுற்றி விழுந்தான். ‘இரவு என்னப்பா சாப்பிட்டாய்?’ என்றேன். விடையில்லை. மறுமுறை வினவினேன். ‘டீயும் பன்னும், சார்’ என்றான். அவ்வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டான். ‘பந்தா சோறு போடும்?’ என்று தந்தையார் கேட்டதாகத் தோழர் சொல்லக் கேட்டேன். அன்றே அவ்வீட்டுக்கு யான் சென்றிருக்க வேண்டும், சென்றிலேன். இன்னொருவனைச் சேர்த்துப் பருவத்தை நடத்தினேன். கோப்பையும் வென்றோம். அக்கோப்பை இன்றும் என் மனத்துக்கு இனிக்கவில்லை.

உடற்பயிற்சிக் கலாசாலை பிறந்த அதே 1920-இல் இந்நகரில் பிறிதொரு நற்செயலும் நிகழ்ந்தது. சென்னை நகராட்சித் தலைவராய் விளங்கிய சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கிலிருந்த கார்ப்பொரேஷன் பள்ளியில் ஏழைக் குழந்தைகட்கு மதிய உணவளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்குவித்தார். குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பசித்த வயிற்றில் பாடம் நில்லாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நமக்கு அணித்தாயுள்ள பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-இல் தோன்றிய கலாசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒருவர் உடலைப் பயிற்றினார். ஒருவர் வயிற்றை நிரப்பினார். இவ்விரண்டையும் ஒன்று சேர்ப்பதே இன்று நம் வேலை.

‘ஆட்டத்தால் உத்தியோகம் கிடைக்குமா?’ எனச் சிலர் வினவலாம். தெற்கு ரெயில்வேயும், பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் கூடைப்பந்து வீரர்க்கு வேலை அளித்துக் குழு நடத்தி வந்துள்ளமை உண்மையே. எனினும் ஆடுவோர் அனைவர்க்கும் அவ்விடம் கிட்டும் என்று யான் பொய்யுரையேன். பெரும்பாலோர்க்குக் கிட்டாது. ஆதலின் படிப்பைக் கைவிட்டு ஆடுக என்னேன். அதிகாலையில் எழுந்து பயின்றவன் மாலையில் இரண்டு மணி நேரம் புத்தகத்தின்முன் அமர்தலே ஒழுங்கு; அதனைக் கண்டித்து நடத்துதல் பெற்றோர் கடன்.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலேயே வளர்ந்த அனிதா பால்துரை என்னும் நங்கை இந்திய மகளிர் குழுவின் தலைவியாய் விளங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் வீட்டார் ‘பெண்ணுக்கு ஏன் பந்து?’ என்று கதவை அடைத்திருந்தால், தேசம் ஒரு தலைவியை இழந்திருக்கும். நம் வீடுகளில் அவ்வாறு அடைபட்ட கதவுகள் எத்தனை என்று தாய்மார்களே எண்ணிப் பாருங்கள்.

இனி என் விண்ணப்பம். நம் சங்கத்துக் கல்வி நிதியினின்று, பருவம் முடியுந்தனையும், இப்பேட்டையிலிருந்து கலாசாலைக் குழுக்களில் பயிலும் மாணவ மாணவியர்க்குக் காலையுணவு அளிக்க வேண்டும். கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, சுண்டல், வாழைப்பழம், இவை போதும். சமைக்க நம் தாய்மார் கைகள் உள்ளன. பரிமாறச் சங்கத்துத் திண்ணை உள்ளது.

‘நம் குலத்துப் பிள்ளைகட்கு மட்டுந்தானே?’ என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் மெல்ல வினவுகின்றார். ஐயா, தங்கள் கேள்வி நியாயமே. நிதி நம்மவர் சேர்த்தது. ஆயினும் களத்தில் நிற்பவர் ஐவர். நம் பிள்ளை எறியும் பந்தைப் பிடிப்பவன் பிறிதொரு குலத்தவன். அவன் பசியால் தள்ளாடினால் நம் பிள்ளையின் எறியும் வீணே. நம் பிள்ளையை மட்டும் ஊட்டி அனுப்புதல், பந்தைக் கையிற் பிடித்துக்கொண்டு தனியே ஓடுதல் போலும். அது விதிக்கு மாறு என்று 1891-லேயே எழுதிவிட்டனர்.

ஆகவே பந்தியில் யார் மகன் என்று கேளாதீர்கள். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று மட்டும் கேளுங்கள். அன்று யான் செல்லத் தவறிய வீடு போன்ற வீடுகள் இப்பேட்டையில் இன்னும் உள. இம்முறை நாம் அனைவரும் சேர்ந்து அவற்றின் வாயிலுக்குச் செல்வோமாக.